காரட்டும் கண்ணும்: ஒரு சுவரொட்டியின் நிறைகுறை

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் உணவு அமைச்சகம் வெளியிட்ட சுவரொட்டி ஒன்று பெரும் புகழ் பெற்றது. காரட் உடல்நலம் தரும், இருட்டடிப்பிலும் கண் தெரிய உதவும் என்பதே அதன் செய்தி. சர்க்கரைக்குப் பங்கீடு இருந்த காலம் அது. காரட்டோ தாராளமாகக் கிடைத்தது. மக்களை அதன்பால் ஈர்த்த திறனைப் பாராட்டலாம். ஆனால் அதில் அறிவியல் எவ்வளவு?

அடிப்படை உண்மையே. காரட்டில் உள்ள கரோட்டின் நம் குடற்சுவரில் வைட்டமின் 'ஏ'யாக மாறுகிறது. விழித்திரையின் குச்சி செல்களில் ஆப்சின் என்னும் புரதமும், இவ்வைட்டமினிலிருந்து உண்டாகும் ரெட்டினாலும் இணைந்து ரொடாப்சின் என்ற நிறமி ஆகின்றன. ஒளி பட்டதும் ரெட்டினாலின் வளைந்த வடிவம் நிமிர்கிறது. பார்வைச் செய்தி அங்கேதான் தொடங்குகிறது. இதை விளக்கிய ஜார்ஜ் வால்டு 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வைட்டமின் குறைந்தால் நிறமி மீண்டும் உருவாவது தடைப்படும். மாலைக்கண் தோன்றும்.

சுவரொட்டி சொல்லாமல் விட்டது என்ன? குறைபாடு இல்லாதவர் எத்தனை காரட் தின்றாலும் இரவுப் பார்வை கூடாது. அகலில் எண்ணெயை நிரப்பிக்கொண்டே போனால் சுடர் பெரிதாகுமா? விமானி ஜான் கன்னிங்ஹாம் இரவில் எதிரி விமானங்களை வீழ்த்தியதற்கும் காரட்டே காரணம் எனப் பரப்பினர். உண்மைக் காரணம், அன்று இரகசியமாயிருந்த ரேடார்.

இதனினும் பெரிய குறை, வைட்டமின் 'ஏ'யைக் கண்ணோடு மட்டும் கட்டிப்போட்டதாகும். மூச்சுக்குழல், குடல் ஆகியவற்றின் உட்படலங்களும் அதனாலேயே நலமாயிருக்கின்றன. அது குறைந்தால் நோய்க்கிருமிகளுக்கு வழி திறக்கும். ஆல்பிரட் சோமர் குழுவினர் இந்தோனேசியாவின் அச்சேயில் நடத்திய ஆய்வு 1986-இல் வெளிவந்தது. இவ்வைட்டமின் அளிக்கப்பட்ட ஊர்களில் குழந்தை இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. பிற்கால ஆய்வுகளில் இப்பயனின் அளவு இடத்துக்கு இடம் வேறுபட்டது.

ஆகவே வாசகர்களே, அந்தி வேளையில் தடுமாறும் குழந்தைக்குக் காரட் மட்டும் கொடுத்துக் காத்திராதீர்கள். குறைபாடு முற்றினால் கருவிழி வறண்டு, கரைந்து, பார்வையே போய்விடும். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரைகளை நீங்களாகவே கொடுப்பதும் தவறு. இவ்வைட்டமின் மிகுந்தால் நஞ்சாகும். அன்றாட உணவில் முருங்கைக்கீரையையும் பப்பாளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீரையைச் சிறிது எண்ணெயிட்டுச் சமைத்தால் கரோட்டின் உடலில் நன்கு சேரும்.

காரட் தின்றால் கண் கூர்மையாகும் என்று இனி யாரேனும் சொன்னால், "குறை உள்ளவருக்கா, இல்லாதவருக்கா?" என்று கேளுங்கள்.