பத்து ஃபர்லாங் கேள்வி

அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்துக்கு வரும் மூன்று வயதுக் குதிரைகளில் அநேகமாக எதுவும் அதன் தொலைவான பத்து ஃபர்லாங்கை (சுமார் இரண்டு கிலோமீட்டர்) அதற்கு முன் ஓடியிருக்காது. ஓடிப் பார்க்காத தொலைவை அது தாங்குமா என்பது ஒரு கேள்வி. இருக்கிற இருபது இடங்களை எவற்றுக்குக் கொடுப்பது என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு டோசேஜ் கணக்கு விடை சொல்கிறது, இரண்டாவதற்குப் புள்ளிமுறை.

ஸ்டீவன் ரோமன் வகுத்து 1981இல் பரவிய டோசேஜ், நான்கு தலைமுறைக்குள் வரும் பேர்பெற்ற பொலிகுதிரைகளை வேகம் முதல் தாங்குதிறன் வரை ஐந்து வகையாக்குகிறது. தந்தைக்கு 16, அடுத்தடுத்த தலைமுறைகளில் 8, 4, 2 என்று மதிப்பெண் தந்து, வேகப் பக்கத்தைத் தாங்குதிறன் பக்கத்தால் வகுக்கிறது. ஈவு 4ஐத் தாண்டினால் டெர்பி கிட்டாது என்றார்கள். யாரும் போட்டுச் சரிபார்க்கலாம் என்பது இக்கணக்கின் நேர்மை. ஆனால் பெண்குதிரைக்கு இதில் மதிப்பெண்ணே இல்லை, அவளுடைய தகப்பனுக்கு உண்டு. ஒரே தாய்தந்தைக்குப் பிறந்த அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே எண்தான் வரும். அவர்களையும் பிரித்துக் காட்டவல்ல, தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணு பற்றிய ஆய்வு டப்ளினிலிருந்து 2010இல் வந்தது.

இதைவிடப் பெரிய குறை முறையியலில். ஈவு 9 உடைய ஸ்ட்ரைக் த கோல்ட் 1991இல் டெர்பியை வென்றது. பின்னர் அதன் தந்தை அலிடாரைப் பேர்பெற்ற பொலிகுதிரைகளின் பட்டியலில் சேர்த்தார்கள். ஈவு 4க்குள் இறங்கிவிட்டது. விடை தெரிந்தபின் வாய்பாட்டைத் திருத்துவதற்குக் கணிப்பு என்று பெயரில்லை. 1998இல் ரியல் கொயட், 1999இல் கரிஸ்மாட்டிக் வெல்ல, எல்லை மறுபடி மறுபடி மீறப்பட்டது.

புள்ளிமுறை வம்சாவளியைக் கேட்பதில்லை, ஓட்டத்தைக் கேட்கிறது. முன்பு தரவரிசைப் பந்தயங்களில் ஈட்டிய பரிசுப்பணமே தகுதி. ஏழு ஃபர்லாங் வெற்றிகளோடு 2012இல் உள்ளே வந்த டிரினிபெர்க் 17ஆவதாக முடித்தது. அதே ஆண்டு ஆறு ஃபர்லாங் பிரீடர்ஸ் கப் ஸ்பிரிண்டை வென்றது. குற்றம் குதிரையிடம் இல்லை, வாசலில். 2013 டெர்பி முதல் குறுந்தொலைவுப் பந்தயங்களுக்குப் புள்ளி கிடையாது. முதலிடத்துக்கு 100 தரும் வசந்தகாலப் பந்தயங்கள் பெரும்பாலும் ஒன்பது ஃபர்லாங். கடைசி ஒரு ஃபர்லாங் சோதிக்கப்படாமல்தான் நிற்கிறது. என்றாலும் ஊகத்தின் பரப்பு குறைந்துவிட்டது. என் தீர்ப்பு புள்ளிமுறையின் பக்கமே.

தயக்கமும் உண்டு. எதிரிகள் வலியவரோ எளியவரோ, வென்றால் அதே புள்ளிதான். 2022இல் ரிச் ஸ்டிரைக் 21 புள்ளியோடு வெளியே காத்திருந்தது. பந்தயத்துக்கு முந்தைய நாள் வேறொரு குதிரை விலகியதால் இடம் கிடைத்து, 80க்கு 1 என்ற பந்தய விகிதத்தில் வென்றது. இதைக் காட்டிப் புள்ளிமுறை தோற்றது என்பவர்களோடு உடன்பட மாட்டேன். தகுதியில்லாதவற்றைத் தடுப்பதே வாசலின் வேலை, வெல்வது யாரென்று சொல்வதல்ல. ஆனால் அந்த 21இல் 20 புள்ளி, டர்ஃப்வே பந்தயத் திடலின் செயற்கைத் தளத்தில் மூன்றாவதாக வந்ததற்குக் கிடைத்தவை. டெர்பி நடக்கும் அதே சர்ச்சில் டவுன்ஸ் மண்ணில், முந்தைய செப்டம்பரில், 17 குதிரை நீளத்துக்கும் மேலான இடைவெளியில் அது வென்றிருந்தது. ஓடும் குதிரையை 30,000 டாலருக்கு யாரும் வாங்கிக்கொள்ளலாம் என்ற கீழ்மட்டப் பந்தயம் அது. அதற்கு ஒரு புள்ளியும் இல்லை.