முதலில் தொகை, பிறகு தகுதி

குறைந்த வருமானமுடைய மாற்றுத்திறனாளிகளுக்கு இலங்கை அரசு மாதந்தோறும் வழங்கும் கொடுப்பனவு 2025 ஏப்ரலில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்ந்தது. விலைவாசி ஏறிய ஏற்றத்துக்கு இது போதாது என்றாலும் உயர்வு வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்தப் பணம் யாருக்கு, யாருக்கு இல்லை என்று முடிவுசெய்யும் முறை நியாயமானதா? தொகையைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி நாம் பேசுவதில்லை. மன்னாரில் வைத்துப் பார்த்தால் அந்த முறையின் கோளாறு நன்றாகத் தெரியும்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம்தான் இந்த நாட்டில் மாற்றுத்திறனாளி யார் என்று வரையறுக்கிறது. உடலிலோ உள்ளத்திலோ உள்ள குறைபாட்டால், வாழ்க்கைக்குத் தேவையானவற்றை முழுமையாகவோ ஓரளவோ தானே தேடிக்கொள்ள இயலாதவர் என்பது அதன் சாரம். பழைய பார்வைதான். இருந்தாலும் அதில் ஒரு நல்ல அம்சம் உண்டு: இந்த மனிதரால் வாழ்வை நடத்த முடிகிறதா என்பதை அது கேட்கிறது. குடும்பத்தின் வருமானத்தை வரையறைக்குள் கொண்டுவரவில்லை.

நடைமுறை வேறு. அரச வைத்தியரின் சான்று நோயைச் சொல்கிறது. கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் வருமானத்தைச் சொல்கிறது. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார். படிவத்தில் அச்சிடப்படாத மூன்றாவது கேள்வியும் உண்டு: இடம் இருக்கிறதா?

அரசின் அஸ்வெசும நலன்புரித் திட்டத்துக்கான 2022 ஒக்டோபர் வர்த்தமானி, மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு 72,000 பேர் என்று எண்ணிக்கையை முன்கூட்டியே குறித்தது. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்போ, 5 வயதுக்கு மேற்பட்டோரில் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதேனுமொரு சிரமத்துடன் வாழ்கிறார்கள் என்றது. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பழிசொல்வது சரியாகாது. 16 இலட்சத்தில் கண்ணாடி போட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறவரும் அடக்கம். அந்த இலேசான சிரமக்காரர்களையெல்லாம் கழித்தாலும், 72,000 என்பது தேவையை அளந்து வந்த எண் என்று நம்ப இடமில்லை. திறைசேரி ஒதுக்கக்கூடியதைத் தலைக்கான தொகையால் வகுத்தால் வரும் எண் அது. எண்ணிக்கை முதலில் தீர்மானமானால், தகுதி என்பது அந்த எண்ணிக்கைக்குள் ஆட்களை அடக்கும் வேலையாகிவிடுகிறது. ஏற்கெனவே பெறுகிறவர் ஒருவர் இறந்தால்தான் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு வழி என்ற நிலை இந்த நாட்டில் பல காலம் இருந்தது. அதற்குத் தகுதி காணல் என்று பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வருமானக் கேள்விக்கு வருவோம். மன்னார்க் கரையில் சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டர் போட்டுச் சுழியோடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆழத்தில் நீண்ட நேரம் கிடந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருந்த நைதரசன் குமிழிகளாகப் பிரிந்து முள்ளந்தண்டு வடத்தைத் தாக்கும். காலையில் வள்ளத்தில் போனவர் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கரைக்குத் தூக்கி வரப்படலாம். அப்படி ஒருவரின் வீட்டை மதிப்பீடு எப்படிப் பார்க்கும்? அஸ்வெசும குடும்பங்களை 22 சுட்டிகளால் அளக்கிறது: கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு. முற்றத்தில் கடனுக்கு எடுத்த வள்ளம் நிற்கிறது. இயந்திரமும் இருக்கிறது. கல்வீடு, மின்சாரம், ஒரு மோட்டார் சைக்கிள். தாளில் ஓரளவு வசதியான குடும்பம். வள்ளத்தை ஓட்ட ஆளில்லை என்பதும், மனைவி கருவாட்டு வேலைக்குப் போவதை விட்டுவிட்டு அவரைப் புரட்டிப் படுக்கவைக்கவும் சலப்பையை மாற்றவும் வீட்டில் நிற்கிறார் என்பதும் அந்தத் தாளில் ஏறுவது கடினம்.

இங்கேதான் முறையின் மூலப்பிழை இருக்கிறது. இயலாமை செலவைக் கூட்டும், வருமானத்தைக் குறைக்கும். முசலியின் தெற்கிலிருந்தோ தலைமன்னாரிலிருந்தோ மன்னார் வைத்தியசாலைக்கு மற்றவர் பஸ்ஸில் வருவார். சக்கர நாற்காலிக்காரர் ஓட்டோ பிடிக்க வேண்டும், துணைக்கும் ஒருவர் வேண்டும். ஒரே வருமானமுள்ள இரண்டு வீடுகளில் இயலாதவர் இருக்கும் வீடு உண்மையில் ஏழ்மையானது. இரண்டையும் ஒரே கோலால் அளப்பது சமத்துவம் ஆகாது. தவிர, கொடுப்பனவு தனிமனிதரின் பெயரில். அளவையோ குடும்பத்தின் மேல். அண்ணன் சவூதியிலிருந்து பணம் அனுப்பினால், பார்வையற்ற தங்கைக்குத் தன் கையில் ஒரு சதம் இருக்கத் தேவையில்லை என்று அரசு முடிவுசெய்கிறது. பாதிக்கப்படுவது பெரும்பாலும் பெண்கள்.

எதிர்வாதம் வலுவற்றதல்ல. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்ற அரசு, இருப்பதை மிக வறியவருக்குக் கொடுக்கட்டும் என்பார்கள். இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தின் 28ஆம் உறுப்புரையும், இயலாமை சார்ந்த செலவுகளுக்கான அரச உதவியைப் பேசும் இடத்தில் வறுமையில் வாழ்வோரையே குறிப்பிடுகிறது. இதை மறைத்து வாதாடக் கூடாது. ஆனால் வறுமை பார்க்கட்டும் என்பதற்கும், இயலாமையின் செலவைக் கணக்கில் எடுக்காமல் வறுமை பார்க்கட்டும் என்பதற்கும் வேறுபாடு பெரிது.

மேலும், இதே அரசு எல்லோரிடமும் வருமானம் கேட்பதில்லை. போரில் காயமடைந்து படையிலிருந்து விலகிய சிப்பாயின் ஓய்வூதியம், அவர் வீட்டு மின்பட்டியலைப் பார்த்துத் தரப்படுவதில்லை. அது சரியானதே, அவருக்கு அது உரித்தானது. மடுவிலும் மாந்தை மேற்கிலும் அதே போரில், 2007, 2008 காலத்தில் காலை இழந்த குடிமகளுக்கு மட்டும் ஏன் வறுமைச் சான்று? 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்து முசலிக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களுக்கு அதற்கு முன்பே ஒரு தடை வருகிறது: எந்தக் கிராம அலுவலரின் பதிவில் இருக்கிறார்கள் என்ற கேள்வி.

மாற்றுவழி உண்டா? நேபாளம் இயலாமையின் கடுமையை நான்கு வகுப்பாகப் பிரித்து நிற அட்டை தருகிறது. சிவப்பு, நீல அட்டைக்காரருக்கு வருமானம் பாராமல் மாதப் பணம். பாக்குநீரிணைக்கு அப்பால் இந்தியா, 2016 சட்டத்தின்படி 40 சதவீதம் என்ற கோட்டைப் போட்டிருக்கிறது. சதவீத முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். விரலையும் முழங்காலையும் அளக்கத் தெரிந்த அது, வலிப்பையும் மனச்சிதைவையும் அளப்பதில் தடுமாறும். 2012 கணக்கெடுப்பில் கேட்ட வகையான, அன்றாடச் செயல்களைப் பற்றிய கேள்விகள் நல்ல தொடக்கம். ஆனால் அவை ஊரை எண்ணுவதற்காக உருவானவை. ஒரு மனிதரின் உரிமையைத் தீர்மானிக்க அவை மட்டும் போதா. வீட்டுக்கு வந்து, எழுவது முதல் உறங்குவது வரை யாருடைய உதவி எவ்வளவு தேவைப்படுகிறது என்று பார்க்கும் மதிப்பீடு வேண்டும். மன்னார் மாவட்டத்தின் 5 பிரதேச செயலகங்களிலும் சமூக சேவை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் போக்குவரத்தும் கொடுத்தால் இது ஆகாத காரியமல்ல.

இப்போதைய முறை இயலாமையை அளக்கவில்லை, வறுமையையும் சரியாக அளக்கவில்லை. அது வரவுசெலவுத் திட்டத்தைக் காக்கிறது. கடுமையான இயலாமை உள்ளவருக்கு எண்ணிக்கை வரம்பும் குடும்ப வருமானச் சோதனையும் உடனே நீங்க வேண்டும். மற்றவருக்கு, இயலாமையின் செலவைக் கழித்த பிறகே வருமானத்தைப் பார்க்க வேண்டும்.

அதுவரை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள் வாய்வார்த்தையோடு திரும்பி வர வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், நிராகரிப்பின் காரணத்தையும் காத்திருப்போர் பட்டியலில் உங்கள் இடத்தையும் பிரதேச செயலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி தன் முடிவைச் சொல்ல வேண்டும்.