வராத தலைநகரம்

திருச்சியில் டீக்கடையில் பத்து நிமிஷம் நின்றால் போதும், இந்தப் பேச்சு வந்துவிடும்: "எம்ஜிஆர் மட்டும் இருந்திருந்தா நம்மூருதான் தலைநகரம்." என் சித்தப்பாவும் சொல்வார். 1983இல் எம்.ஜி.ஆர். அந்த யோசனையை முன்வைத்தது உண்மைதான். சென்னை தண்ணீருக்குத் தவித்த காலம். மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் வேறு இருக்கிறது. கருணாநிதி எதிர்த்தார், பேச்சு அடங்கிப்போனது. அதற்குப் பிறகும் 1987 வரை எம்.ஜி.ஆர்.தான் முதல்வர். ஆக, 'இருந்திருந்தா' என்பது சரியில்லை. இருந்தார், செய்யவில்லை.

அந்த யோசனையின் பலவீனம், அது வரைபடத்தைப் பார்த்துச் சொன்னது என்பதுதான். சண்டிகருக்குக்கூட ஒரு காயம் காரணமாக இருந்தது: பிரிவினையில் லாகூர் கைவிட்டுப் போனது. திருச்சிக்கு இருந்தது நட்டநடுவில் இருக்கிறோம் என்ற தகுதி. சென்னை கைவிட்டுப் போகவில்லை, தண்ணீர்தான் வரவில்லை.

இத்தனைக்கும் பாலத்தைத் தாண்டினால் திட்டமிட்ட ஊர் ஒன்று இருக்கிறது. ஸ்ரீரங்கத்தின் ஏழு மதில்களும் ஒரே நாளில் வரைந்தவை அல்ல, மன்னர் மன்னராக வளர்ந்தவை. ஆனாலும் கணக்கு பிசகவில்லை. தைத்தேர் உத்திர வீதியில், சித்திரைத்தேர் சித்திரை வீதியில். தேர் திரும்ப எவ்வளவு இடம் வேணுமோ அவ்வளவு மூலை. யார், எதற்கு, எந்த நாளில் என்று தெரிந்து போட்ட டிசைன். என் தொழிலில் இது அபூர்வம்.

இதைக் கொண்டாடுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கருவறையிலிருந்து எத்தனையாவது வீதி என்பது சாதிக் கணக்கும்கூட. எங்கள் தாத்தா வீடு அடையவளஞ்சானுக்கு வெளியே. எந்த முனையில் திரும்பிவிட வேண்டும் என்று அப்பாவுக்குச் சின்ன வயசிலேயே தெரியும், யாரும் சொல்லித் தரவில்லை. யார் எங்கே இருப்பது என்ற கேள்விக்கு ஸ்ரீரங்கம் கொடூரமான, ஆனால் தெளிவான பதில் வைத்திருந்தது.

1983இன் கனவைப் பேசுகிறவர்கள் அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. செயலகம் வரும், குவார்ட்டர்ஸ் வரும், சரி. உறையூர் நெசவாளி எங்கே? அமராவதியில் முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்த விவசாயிகள், மூன்று தலைநகரம் என்ற அறிவிப்பு 2019 டிசம்பரில் வந்ததும் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். வருஷக்கணக்கில்.

ஜீயபுரம் பக்கம் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் வாழைத்தோட்டம் உண்டு. "தலைநகரம் வந்திருந்தா யார் நிலத்தை எடுத்திருப்பாங்க சித்தப்பா?" என்றேன். டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

"நம்மளுது தப்பிச்சிருக்கும்டா."