வண்டியா, வாடகை வீடா: எது முதலில்?

சென்னையில், ஆவடியிலும் தாம்பரத்திலும் பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டு ஓஎம்ஆர் பக்கம் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு, இரண்டு மூன்று வருடத்தில் கையில் ஒரு தொகை சேர்ந்துவிடுகிறது. அதை வைத்து அலுவலகத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பார்ப்பதா, கார் எடுப்பதா என்ற பேச்சு வந்தால் பெரும்பாலான வீடுகளில் காரே வெல்கிறது. "வாடகைன்னு எவனுக்கோ மாசாமாசம் கொட்டறதுக்கு, அதே காசுல ஒரு வண்டி எடுத்துடுப்பா. நம்ம வாசல்ல நிக்கும்" என்கிறார் அப்பா. பிள்ளைக்கும் அது நியாயமாகப் படுகிறது.

இந்த வரிசை பலருக்குத் தவறான வரிசை என்பது என் முடிவு. ஆனாலும் இதைப் பின்பற்றுகிறவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. நம் வீடுகளில் கார் ஒருவருடைய பொருளாக இருப்பதில்லை. அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதும், குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போவதும், நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கிறது என்றால் ஓடுவதும் அந்த வண்டியில்தான். மகன் தனியாக வீடு எடுத்தால் அவனுக்கு மட்டும் வசதி; கார் எடுத்தால் நாலு பேருக்கு வசதி. இந்த வாதத்துக்கு எளிதில் பதில் சொல்லிவிட முடியாது.

"முதலில் வீட்டை விட்டு வெளியே வா, அப்போதுதான் வளருவாய்" என்ற அறிவுரையிலும் கோளாறு இருக்கிறது. தங்கையின் கல்யாணம், அப்பாவின் ஓய்வு, ஊரில் பாக்கி நிற்கும் கடன் என்று பல வீடுகளில் பிள்ளையின் சம்பளம்தான் கூரையைத் தாங்குகிறது. அங்கே சேர்ந்து வாழ்வது ஒரு பொறுப்பு. அதை முதிர்ச்சியின்மை என்று பேசுகிறவர்கள் இந்த வீடுகளின் கணக்கைப் பார்க்காதவர்கள்.

பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. கல்யாணத்துக்கு முன் மகள் அதே ஊரில் தனி வீடு எடுக்கிறாள் என்றால் சொந்தக்காரர்கள் தொடுக்கும் கேள்விகள் ஒருபுறம், ஹவுஸ் ஓனர் கேட்கும் கேள்விகள் இன்னொருபுறம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பகலில் அது பெரிய உதவி. இரவு பத்து மணிக்கு ஷிஃப்ட் முடித்துப் புறநகருக்குத் திரும்ப அது மட்டும் போதாது. அவளுக்கு ஒரு கார் கிடைத்தால், வீட்டோடு சண்டை போடாமலே நடமாடும் சுதந்திரம் கிடைக்கிறது. இதை நான் ஆடம்பரம் என்று சொல்லமாட்டேன். அதே சமயம், 2023இலிருந்து தமிழ்நாடு அரசு நடத்தும் தோழி விடுதிகள் போன்றவை பெருகப் பெருக, வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கார் அல்லாத ஒரு வழியும் திறக்கிறது. பெற்றோர் அதையும் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி கணக்கு. கையில் 60,000 ரூபாய் வாங்கும் ஒருவர், ஷோரூம் விலை 7 லட்சம் உள்ள காரை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 5 முதல் 10 லட்சம் வரையான காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 13 சதவீதம்; அதுவே 91,000 ரூபாய். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பரிலிருந்து விதி. எல்லாம் சேர்த்தால் கையிலிருந்து 1.3 லட்சம் வரை போய்விடும். 7 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன் என்றால் மாதத் தவணை 14,500 ரூபாய்க்குச் சற்று மேல். வட்டி மட்டும் 1.7 லட்சம். ஆவடியிலிருந்து ஓஎம்ஆரில் இருக்கும் சிறுசேரிக்கு ஒரு வழிக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மாதம் பன்னிரண்டு நாள் அலுவலகம் போனாலே பெட்ரோல் 8,000 ரூபாயைத் தொடும். சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் என்று ஒதுக்கினால் மாதம் 25,000.

அலுவலகத்துக்குப் பக்கத்தில் 13,000 ரூபாய்க்கு ஒரு சிறு வீடு எடுத்தால், கரண்ட், மெயின்டெனன்ஸ், சாப்பாடு எல்லாம் சேர்ந்து அதுவும் 22,000, 23,000 என்று வந்து நிற்கும். பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற வீடாக இருந்தால் முன்பணமும் அதே 1.3 லட்சம். வாடகைக்கு வரிச்சலுகை உண்டே என்பதும் இப்போது பலருக்குப் பொருந்தாது. 2023-24 நிதியாண்டு முதல் நாமாக வேறு கேட்காவிட்டால் அமையும் புதிய வருமான வரி முறையில் வாடகைப்படிக்குக் கழிவு இல்லை. ஆக, மாதக் கணக்கைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. அட்வான்ஸ் தொகை, பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டாலும், திரும்பி வரும். வரியும் காப்பீடும் வராது. வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்கு எழுதப்படுகிறது. பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிட்டுக் காலி செய்யலாம். கார் கடன் 60 மாதம், சிலருக்கு 84 மாதம். நடுவில் வேலை போனாலோ வேறு ஊருக்கு மாற்றினாலோ வண்டியை விற்கப் பார்த்தால், விலை நம் கையில் இல்லை. இன்சூரன்ஸ் விதிப்படியே நான்கு வயது தாண்டிய காரின் மதிப்பில் பாதி கழிந்துவிடுகிறது.

இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. பெற்றோர் வீட்டில் இருக்கும் பிள்ளை "என்னால் 14,500 கட்ட முடியும்" என்று சொல்வது எந்தச் சம்பளத்தை வைத்து? வாடகை இல்லாத, அம்மா மூன்று வேளையும் சமைத்துப்போடுகிற, கேஸும் பாலும் அப்பாவின் பென்ஷனில் வருகிற சம்பளத்தை வைத்து. பாங்க் மேலாளரும் சம்பளச் சீட்டைத்தான் பார்க்கிறார். அம்மாவின் சமையலை எந்த விண்ணப்பத்திலும் எழுதுவதில்லை. இரண்டு வருடத்தில் கல்யாணம் ஆகிறது, தனிக்குடித்தனம் போக வேண்டியிருக்கிறது. அப்போதுதான் வாடகை, அட்வான்ஸ், பாத்திரம், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நிற்கின்றன. தவணையோ இன்னும் மூன்று வருடம் பாக்கி. பெற்றோர் வீட்டு வாழ்க்கையை வைத்துப் போட்ட கடனை அடுத்த வாழ்க்கையில் கட்ட வேண்டியிருப்பதுதான் இந்தப் பழக்கத்தின் அடிப்படைக் கோளாறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காரில் போனாலும் அந்த 50 கிலோமீட்டர் அப்படியேதான் இருக்கிறது. மாதவரம் – சிறுசேரி மெட்ரோ பாதைக்கான பணிகளால் ஓஎம்ஆர் பல இடங்களில் குறுகிக் கிடக்கிற இந்தக் காலத்தில், ஏசி போட்டுக்கொண்டு நெரிசலில் நிற்பதற்கு மாதம் 25,000 கொடுக்கிறோம். போய்வரும் நேரம் தூக்கத்தையும் உடம்பையும் தின்னும். வண்டி நிறுத்த இடமும் எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமெல்லாம் கார்கள் வரிசைகட்டி நின்றதை ஊரே பார்த்தது. 2015, 2023 வெள்ளங்களில் வண்டியைத் தண்ணீருக்குக் கொடுத்தவர்களின் பயம் அது.

வாடகைப் பக்கம் மட்டும் எல்லாம் சுகமா? இல்லை. "பேச்சிலருக்குக் கொடுக்கறதில்ல" என்ற பதில் இன்னும் கேட்கிறது. சாதி விசாரிக்கிறார்கள், அசைவம் சமைப்பீர்களா என்று கேட்கிறார்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை முன்பண வரம்பாகச் சொல்கிறது; இருதரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளலாம் என்று அதிலேயே இடமும் விட்டிருக்கிறது. வீடு தேடுகிறவன் ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வான்? இளைஞர்களைக் காரின் பக்கம் தள்ளுவதில் நம் ஹவுஸ் ஓனர்களுக்கும் பங்குண்டு.

ஆகவே என் தீர்ப்பு இது. வீட்டில் உடம்புக்கு முடியாதவர் இருக்கிறார், இரவு ஷிஃப்டுக்கு நிறுவன வண்டி வராது, பெண் தனியாகத் தங்க வழியே இல்லை: இப்படிப்பட்டவர்கள் காரை முதலில் எடுப்பது சரி, அதுவும் நல்ல செகண்ட் ஹேண்ட் வண்டியாக, மூன்று வருடக் கடனுக்குள். மற்றவர்கள் முதலில் அலுவலகத்தின் அருகே ஒரு விடுதியிலோ நண்பர்களோடு சேர்ந்து ஒரு வீட்டிலோ ஆறு மாதம் இருந்து பார்க்கட்டும். பெற்றோரும் அதைப் பிரிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சனி ஞாயிறு பிள்ளை வீட்டில்தான் இருக்கும். அதன் பிறகும் கார் வேண்டும் என்று தோன்றினால் எடுக்கலாம். புக்கிங் பணம் கட்டுவதற்கு முன், வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சும் சம்பளத்தில் அந்தத் தவணை அடங்குமா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அடங்கவில்லை என்றால் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள்.