'மாணவர்' என்றால் யார்?

காற்புள்ளி போடக் கற்றுத்தரும் ஒரு மென்பொருள். இதில் ஆண் என்ன, பெண் என்ன என்றுதான் தோணும்.

1987-ல் சார்லஸ் ஹஃப், ஜோயல் கூப்பர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காற்புள்ளியைச் சொல்லித்தர ஒரு மென்பொருளைத் திட்டமிட்டுத் தரும்படி கல்வியாளர்களிடம் கேட்டார்கள். சிலரிடம் 'பையன்களுக்கு' என்றார்கள். சிலரிடம் 'பெண்பிள்ளைகளுக்கு'. மீதிப் பேரிடம் வெறுமனே 'மாணவர்களுக்கு'.

பையன்களுக்கு என்று வந்தவை பெரும்பாலும் விளையாட்டுகள். பெண்பிள்ளைகளுக்கு வந்தவை பாடக் கருவிகள். இதுவரை ஆச்சரியம் ஒண்ணும் இல்லை. 'மாணவர்களுக்கு' என்று வந்தவைதான் முக்கியம். அவையும் பையன்களுக்கு வந்தவை மாதிரியே இருந்தன! திட்டமிட்டவர்களில் பெண்களும் இருந்தார்கள். யாரும் பெண்பிள்ளைகளை வேணும்னே ஒதுக்கவில்லை. 'மாணவர்' என்றதும் மனதில் வந்து உட்கார்ந்தது ஒரு பையன், அவ்வளவுதான்.

சரி, அதனால் என்ன நஷ்டம்? இதே கூப்பரும் ஹஃபும் இன்னொருவரோடு சேர்ந்து 1990-ல் வெளியிட்ட ஆய்வில் பதில் இருக்கிறது. பையன்களை மனதில் வைத்துச் செய்த மென்பொருளை மற்றவர்கள் முன்னால் பயன்படுத்தும்போது பெண்பிள்ளைகளுக்குப் பதற்றம் கூடியது. பள்ளியில் கணினி இருப்பது பொது அறையில்தானே. 'எனக்குக் கம்ப்யூட்டர் வராது' என்று ஒரு பிள்ளை முடிவுகட்ட இது போதாதா?

உடனே 'பெண்களுக்கென்று தனியா செய்யலாமே' என்பார்கள். இங்கேதான் நான் முரண்படுகிறேன். தாமஸ் மலோன் 1980-களின் தொடக்கத்தில், பின்னம் கற்றுத்தரும் 'டார்ட்ஸ்' என்ற விளையாட்டை ஆராய்ந்தார். சரியான எண்ணைச் சொன்னால் அம்பு பாய்ந்து பலூன் உடையும். பையன்களுக்கு அது பிடித்தது, பெண்பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. இது ஒரு சராசரி. அம்பு விடப் பிடித்த பெண்பிள்ளையும், அம்பே பிடிக்காத பையனும் அந்தச் சராசரிக்குள் காணாமல் போய்விடுகிறார்கள். சராசரியைப் பார்த்து இளஞ்சிவப்பில் ஒரு பதிப்பு போட்டால், பழைய முத்திரை போய்ப் புது முத்திரை வரும். 'பொது'ப் பதிப்பு எப்போதும்போலப் பையன்களிடமே இருக்கும்.

தமிழில் நமக்கு மாணவன், மாணவி, மாணவர் என்று மூன்று சொல் இருக்கிறது. 'அர்' விகுதி எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் என்கிறது இலக்கணம். ஆனால் 'ஒரு மாணவர் கணக்குப் போடுகிறார்' என்று கேட்டதும் உங்கள் மனதில் யார் வருகிறார்?

அடுத்த முறை பிள்ளைக்கு ஒரு கல்விச் செயலியை இறக்கும்போது நிறத்தை விடுங்கள். சரியான விடைக்கு என்ன நடக்கிறது, எதையாவது சுடுகிறதா, ஜெயிக்கிறதா, கட்டுகிறதா என்று பாருங்கள். வேறு வழியும் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். அதைச் செய்தவர் யாரை நினைத்துச் செய்தார் என்பது அங்கே தெரிந்துவிடும்.