பாலாவும் மற்றவர்களும்

நாட்டியத்தில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால், யோசிக்காமல் பாலசரஸ்வதி என்பேன். பி.காம். படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? பழனிக்காரன் சார் நான். பங்குனி உத்திரத்தன்று அடிவாரத்தில் நின்று பாருங்கள். தோளில் காவடியை வைத்து, கை படாமல் சுழற்றி ஆடுவார்கள். கூட்டம் பார்க்கிறதா என்ற கவலையே இருக்காது. அதனாலேயே கண்ணை எடுக்க முடியாது.

பாலாவிடமும் அதேதான். 1976-ல் சத்யஜித் ரே எடுத்த 'பாலா' படத்தைத் தேடிப் பிடியுங்கள். கடற்கரையில் 'கிருஷ்ணா நீ பேகனே'. ஐம்பது தாண்டிய, கனத்த உடம்பு. காற்று புடவையைப் பிடித்து இழுக்கிறது. அந்த அம்மாள் பாட்டுக்குக் குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

ருக்மிணி தேவி? ரஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் தூண்டுதலில் நம்மூர் நாட்டியத்துக்கு வந்தவர், 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியவர். குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கிய கட்டுக்கோப்பு அசாத்தியம். ஆனால் சிருங்காரத்தைக் கழுவித் துடைத்தாரே, அங்கேதான் உதைக்கிறது. சிருங்காரம்தான் உயிர் என்று பாலா கடைசிவரை வாதாடினார். தேவதாசி மரபில் வந்தவர். அந்த வீட்டுச் சொத்தை வாங்கிக்கொண்டு, வீட்டாரை மட்டும் வாசலில் நிறுத்தியது என்ன நியாயம்?

சந்திரலேகா தனி ரகம். 1985-ல் 'அங்கிகா'வில் களரியையும் யோகாவையும் பரதத்தோடு சேர்த்தார். சாமி கதை கிடையாது. 'ஷரீரா'வில் ஒரு கால் நகர்வதற்குள் பழனி பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டிவிடும். எனக்கு அலுக்கவில்லை. கூட வந்த நண்பர் தூங்கிவிட்டார்.