பாராயணமும் பொருளுணர்வும்

தாமிரவருணியின் தென்கரையில் விளங்கும் ஆழ்வார்திருநகரியில், திவ்யப் பிரபந்தம் ஓதும் விழாவாகிய அத்யயனோத்ஸவத்தின் இராப்பத்து நாட்களில், நம்மாழ்வாருடைய திருவாய்மொழிப் பாசுரங்கள் 1102-ம், நாளுக்கு ஒரு பத்தாக, அவர் அவதரித்த தலத்திலேயே ஓதப்பெறுகின்றன. இப்பாராயணத்தால் விளையும் பிரயோஜனம் யாது என்று வினவினால், அந்நூலில் திருவாய்மொழி என்றே வழங்கும் ஒவ்வொரு பதிகத்தின் ஈற்றிலும் கற்பார்க்குச் சொல்லப்பட்ட பலனையே பக்தர்கள் காட்டுவார்கள். அதனை நானும் மறுப்பவனல்லேன். ஆயினும் அவ்வீற்றுப் பாசுரங்கள் சரித்திரத்தில் வேறொரு பலனையும் விளைத்தன. குடந்தை ஆராவமுதன்மீது யாத்திரிகர் சிலர் ஓதிய ஒரு திருவாய்மொழியைச் செவியுற்ற வைணவ ஆசாரியர் நாதமுனிகள், அது குருகூர்ச் சடகோபராகிய நம்மாழ்வாரின் ஆயிரத்துள் ஒரு பகுதி என்பதை அதன் ஈற்றிலிருந்தே உணர்ந்து, எஞ்சியவற்றைத் தேடித் திருக்குருகூராகிய இத்தலத்துக்கு வந்தார் என்று குருபரம்பரை கூறும். ஓதியவர்கள் எஞ்சிய பாசுரங்களை அறிந்திலர். அறிந்த சிலவற்றைப் பிழையின்றி நாவில் வைத்திருந்தார்கள், அவ்வளவே. முழுதும் அறியாதவன் ஓதியதும் அறியவல்லான் ஒருவனுக்கு நிதியாகும் என்பதே பாராயணத்தின் தலையாய நன்மை என்பது என் துணிபு.

இனி, குறைகளையும் மறைத்தலாகாது. சாதாரண நாட்களில் பல சந்நிதிகளில் சேவாகாலம் என்னும் பாசுர ஓதல், அதன் நிறைவாகிய சாற்றுமுறையை நோக்கி விரைகின்றது. ஆழ்வார் தலைவியாகி நின்று பறவைகளைத் தூதுவிடும் ஆற்றாமையும், தத்துவம் உரைக்கும் பாசுரமும் ஒரே வேகத்தில் ஓடிவிடுகின்றன. பழைய பதிப்புகளில் குறிக்கப்பட்ட பண்கள் ஓதுவோர் குழுவாகிய கோஷ்டியில் வழங்குவதில்லை; இசையும் அபிநயமும் இன்று அரையர் சேவையை அண்டியே எஞ்சியுள்ளன. பாசுரங்களை மனனம் செய்த பெண்மக்களும் பெரும்பாலும் கோஷ்டிக்குப் புறம்பே நின்று கேட்கின்றனர். இதனை வழக்கத்தின் குற்றமாகவே நான் கருதுகின்றேன்.

பொருளுணர்ந்த பின்னரே ஓதவேண்டும் என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. இளமையில், ஆசிரியர் சொல்லத் திருப்பிச் சொல்லும் சந்தை முறையில் நெஞ்சில் பதிந்த பாசுரம் முதுமையிற்கூடத் தன் பொருளைத் தரும்; பதியாததற்கு அவ்வாய்ப்பே இல்லை. ஆனால் அப்பொருளை என்றும் தேடாதிருத்தலே பிழை. 1370-இல் ஆழ்வார்திருநகரியில் அவதரித்த மணவாள மாமுனிகள், திருவரங்கத்தில் ஓராண்டுக் காலம் திருவாய்மொழிக்குரிய ஈட்டு வியாக்கியானத்தைப் பிரவசனம் செய்ததோடு அமையாமல், ஒவ்வொரு திருவாய்மொழியின் சாரத்தையும் ஒரு வெண்பாவில் அடக்கித் திருவாய்மொழி நூற்றந்தாதியும் அருளினார். இராப்பத்தில் அன்றன்று ஓதப்பெறும் பத்துக்குரிய வெண்பாக்களை முன்னதாகச் சொல்லி, அவற்றின் கருத்தை எளிய தமிழில், ஆண் பெண் அனைவரும் கேட்கும்படி விளக்கலாம்; அதற்கு நாளொன்றுக்கு அரைமணி நேரமே போதும்.